கன்னியம்மாவிடம் சொல்லாத பாதி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புறநோயாளிகள் வரிசையில் செல்வி நின்றிருந்தாள். கையில் அவளுடைய அக்காவின் பழைய ஓ.பி. சீட்டு, மடிப்புகளில் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியது. முறை வந்ததும் அதை மேஜைமேல் வைத்தாள். அக்கா வெளியே உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டேன். "அக்கா வராது டாக்டரம்மா. வெள்ளிக்கெயம பூட்ச்சி. சீட்ட குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். செல்வியைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

இறந்துபோன அந்த அக்காவை, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற கன்னியம்மாவை, நம் கல்லூரியில் படித்த உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் மறந்திருந்தாலும் அவருடைய இதயத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அதன் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் நம் வார்டில் வந்து படுப்பார். படுத்தால் மாணவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். தூரத்தில் வண்டி உருளுவதுபோன்ற அந்த மெல்லிய ஓசை மார்பில் ஒரே இடத்தில்தான் கேட்கும், அதுவும் அவர் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால்தான். தேர்வு நாளில் மாணவன் திணறினால், சலிப்போடு புரள்வதுபோல் இடப்பக்கம் திரும்பிவிடுவார். ஒருமுறை இதற்காக நான் கோபித்துக்கொண்டேன். "பேயறைஞ்ச மாறி முயிக்கிது கொயந்த. திரும்பிப் படுக்கறதுக்கு ஒன்னியக் கேக்கணுமா?" என்றார்.

அப்போது நான் பட்டமேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஹவுஸ் சர்ஜன்களுக்குப் படுக்கையருகே பாடம் சொல்லும் வேலையைப் பெரிய டாக்டர் என்னிடம் விட்டிருந்தார். எப்படிச் சொல்லுவது என்று யாரும் கற்றுத்தரவில்லை. நான் திட்டு வாங்கிப் படித்தவள். திட்டுவதுதான் பாடம் சொல்லுவது என்று நினைத்தேன். பஸ்ஸிலும் வீட்டிலும் கதைப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளியதில், குத்தலாகப் பேச வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முத்தையா என்ற ஹவுஸ் சர்ஜன் அதிகம் பேசமாட்டார். கன்னியம்மாவின் குறிப்பேட்டில் அவர் ஒருநாள் "இதய ஒலிகள் இயல்பாக உள்ளன" என்று எழுதியிருந்தார். ஊரே கேட்ட ஓசை அவருக்கு மட்டும் கேட்கவில்லை. எட்டு மாணவர்களுக்கு நடுவே அந்த வரியை உரக்கப் படித்தேன். கன்னியம்மா பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஒன்றுமே இல்லையாம், வீட்டுக்குப் போகலாம். இந்தக் காதுக்கு ஸ்டெதாஸ்கோப் ஒரு கேடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முத்தையாவும் சிரிக்க முயன்றார். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மாணவர்கள் போனபிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ சொன்னது நெசந்தான். ஆனா அத்த எங்கிட்ட எதுக்குச் சொன்னே? அவன்கிட்டல்ல சொல்லணும். எங்க தப்பா வச்சான்னு சொன்னியா? காது செரியில்லன்னு சொன்னே. காத மாத்திக்க முடியுமா?"

தலைப்பை விடுவித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மீன்காரம்மாவிடம் பாடம் கேட்க வேண்டுமா என்றுதான் அன்று நினைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

இதுவரை உள்ளது உங்களுக்குத் தெரிந்த பாதி. பட்டமேற்படிப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம், கீழே உள்ளவர்களைத் திருத்துவது எப்படி என்று பேசும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிவந்தேன். சொல்லி, சிரிக்கவும் வைத்தேன். சொல்லாத பாதியை இப்போது எழுதுகிறேன்.

நான்கு நாள் கழித்து, மாலையில் வார்டுக்குள் நுழைந்தபோது கன்னியம்மா எழுந்து உட்கார்ந்து, கட்டில் கம்பியைப் பற்றியபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். கையைப் பிடித்தால் நாடி ஒழுங்கின்றித் துள்ளியது. காலைக் குறிப்பில் "நாடி சீராக உள்ளது" என்று முத்தையாவின் கையெழுத்து. ஊசிகள் போட்டு, ஆக்சிஜன் வைத்து, அவர் சாய்ந்து படுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதன்பிறகு முத்தையாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"காலையிலயே தாறுமாறாத்தான் இருந்துச்சு மேடம். என் விரல்தான் தப்புன்னு நெனச்சேன்."

அவர் காதை நான் பழித்தேன். அவர் விரலையும் நம்பாமல் போனார். இரண்டுக்கும் நடுவில், நான் சற்றுத் தாமதித்திருந்தால் கன்னியம்மா செத்துப்போயிருப்பார்.

அன்று நான் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினேன். உங்கள் விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சந்தேகம் வந்ததும் என்னைக் கூப்பிடாததுதான் தவறு. கூப்பிட முடியாமல் செய்தது நான், என்னை மன்னியுங்கள் என்றேன். மறுவாரம், கன்னியம்மா தேறியபின், கூட்டமில்லாத நேரத்தில் இருவரும் அவர் கட்டிலுக்குப் போனோம். முத்தையா ஸ்டெதாஸ்கோப்பை வழக்கம்போல் அழுத்தி வைத்தார். அழுத்தினால் அந்த ஓசை அடங்கிவிடும், இறகு வைப்பதுபோல் வையுங்கள் என்றேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவர் முகம் மாறியதைக் கன்னியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"காது மாத்திக்கினியா நைனா?"

அப்போதே அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். அன்று உங்களுக்கு மூச்சு முட்டியது நோயால் மட்டுமல்ல, என் வாயாலும்தான் என்று. சொல்லவில்லை. அதன்பிறகு மூன்று வருடம், மாதம் ஒருமுறை இடப்பக்கம் திரும்பிப் படுத்தார், நான் கேட்டேன், மருந்து எழுதினேன். ஒருமுறை சொல்லிவிடுவதென்றே பட்டினப்பாக்கம் போனேன். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. கடையருகே எங்கே நிற்பதென்றுகூடத் தெரியவில்லை. செல்வி வெட்டிய மீனைப் பார்த்து யாரோ ஒரு அம்மாள் குறைசொல்லிக்கொண்டிருந்தார். கன்னியம்மா வேறு மீனை எடுத்துத் தானே வெட்டிக்கொடுத்து அனுப்பினார். அந்த அம்மாள் கண்மறைந்தபிறகுதான் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. அதைப் பார்த்தபின், எட்டுப் பேர் முன் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டம் தீர மதியம் ஆகிவிட்டது. செல்வி பெஞ்சிலேயே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். முந்தானையை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதானா? டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்து வந்து சொல்லாமயே போய்க்கினு கீதுன்னு அக்கா சொல்லிக்கினே இருந்திச்சி" என்றாள். பிறகு, "சொல்லியிருக்கலாம். சிரிச்சிருக்கும்" என்றாள்.

அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்காது. கிடைத்தவை இரண்டு. ஒன்று, "காத மாத்திக்க முடியுமா" என்ற கன்னியம்மாவின் கேள்வி. யாரையாவது திருத்த வாய் திறக்கும்முன், நான் சொல்லப்போவதை அந்த ஆளால் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்த்துக்கொள்கிறேன். முடியாதென்றால் வாயை மூடிக்கொள்கிறேன். இன்னொன்று, பிளாஸ்திரி ஒட்டிய அந்தச் சீட்டு. அதை ஆவண அறைக்கு அனுப்பவில்லை. இந்த வருடம் வந்தவர்கள் முன் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, முதன்முறையாக இரண்டு பாதியையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.