சுருட்டைக் கெடுத்த நாவல்

மிக்தாலியா பார்சாகாவின் நாவல் ஹவானாவில் அச்சாகி வந்தபோது, பின்னட்டையில் 'ஆசிரியர் கபாய்குவானில் வசிக்கிறார்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் கபாய்குவானில் கோழிகூடத்தான் வசிக்கிறது. எங்கள் சுருட்டுத் தொழிற்சாலையின் கூடத்தில், எங்கள் முன்னால் உட்கார்ந்து, எங்கள் கையைப் பார்த்துப் பார்த்து எழுதிய நாவல் இது என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? அவர்கள் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன்.

மிக்தாலியா அக்கா எங்கள் கூடத்து வாசிப்பாளர். நாங்கள் சுருட்டு உருட்டிக்கொண்டிருக்க, மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் மதியத்துக்கு மேல் நாவலும் சத்தமாக வாசிப்பது அவள் வேலை. எந்த நாவல் என்பதைக் கை தூக்கி நாங்கள்தான் முடிவு செய்வோம். பிடித்துவிட்டால் இலை வெட்டும் பிறைக்கத்தியால் பலகையைத் தட்டுவோம். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவோம். அந்தச் சத்தத்துக்கே அழுதுகொண்டு வேலையை விட்டவர்கள் உண்டு. அக்காவுக்கும் ஒருமுறை கத்திகள் விழுந்தன. "எடுத்து வச்சுக்கங்க, முனை மழுங்கிடும். அடுத்த பக்கத்துல கதை தேறிடும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வாசித்தாள்.

அவள் எழுத வந்தது ஒரு கிழிந்த புத்தகத்தால். எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்த வருடங்கள் அவை. பாரிஸ் நகரத்துப் பிரபு ஒருவரின் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை. காகிதம் கிடைக்காத காலத்தில் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் எங்கே போயிருக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. அக்கா நிறுத்தவில்லை. பக்கத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டி, குரல் மாறாமல் தொடர்ந்தாள். பிரபு கோப்பையை வாயில் வைத்துவிட்டு, "காப்பித்தூளில் இவ்வளவு பட்டாணியா கலப்பது?" என்று பணிப்பெண்ணைக் கடிந்துகொண்டார்.

கூடமே நிமிர்ந்து பார்த்தது. ரேஷன் காப்பியில் பட்டாணிப் பொடி கலந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். பாரிஸ் பிரபுவுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? இது அக்காவே இட்டுக்கட்டுவது என்று புரிந்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டே உருட்டினோம். மகள் கடைசியில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் நாய்க்கு வைத்தியம் பார்க்க வந்தவனோடு போய்விட்டாள். பலகைகள் உடைந்துவிடும்போல் தட்டினோம். அடுத்த நாவலுக்கு வாக்கெடுப்பு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"அக்கா, இந்தத் தடவ மொதப் பக்கத்துலேருந்தே கிழிஞ்ச புத்தகமாப் பாத்து எடு!"

அப்படித்தான் அவள் சொந்தமாக எழுதத் தொடங்கினாள். விவாகரத்து ஆன பிறகும் வேறு வீடு கிடைக்காமல், ஒரே அறையின் நடுவில் அட்டைத் தடுப்பு வைத்துக்கொண்டு வாழும் ஒரு ஜோடியின் கதை. எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. நானும் ரிகோபெர்தோவும் அப்போது அப்படித்தான் இருந்தோம். அவனும் இதே கூடத்தில் கதவோரம் உட்கார்ந்து சுருட்டுப் போடுபவன். நாவலில் அவர்கள் பெயர் ஸெனாய்தா, ஃபெர்மீன். அது நீங்கள்தானே என்று கேட்பவர்களிடம் இல்லவே இல்லை என்பேன். கேட்காதவர்களிடம் நானே போய்ச் சொல்வேன்.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போதுதான் அக்கா வந்து பிடிப்பாள்.

"இதால்மிஸ், தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் தும்மினா நீ என்னடி சொல்லுவ?"

"செத்துத் தொலைன்னு சொல்லுவேன்."

"நெசமா?"

"இல்லக்கா. நூறு ஆயுசுன்னுதான் சொல்லுவேன். ஆனா மெதுவா, அவனுக்குக் கேக்காத மாதிரி."

"எழுதிக்கவா?"

"மெதுவாங்கறதயும் சேத்து எழுது."

பழைய வருகைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவாள். வாசிக்கும்போது ஒரு கண் தாளில், ஒரு கண் எங்கள் கையில் இருக்கும். முகத்தைப் பார்க்கவே மாட்டாள். ஏன் என்று கேட்டேன். "மூஞ்சிய வச்சு எல்லாரும் மரியாதைக்குச் சிரிக்கிறீங்கடி. கை மரியாதை பாக்காது" என்றாள். எங்கள் கை நின்றுபோனால் அந்த வரி தப்பித்தது. கை வேகமெடுத்தால் நாங்கள் அலுத்துவிட்டோம் என்று அர்த்தம். உடனே பென்சிலால் ஒரு கோடு. ஒரு மழை வர்ணனைக்கு நாங்கள் மளமளவென்று உருட்டியதைப் பார்த்து, மழையையே தூக்கிவிட்டாள்.

கதை சூடு பிடித்தது. ஸெனாய்தா ஒரு பல் வைத்தியரைக் காப்பிக்கு அழைத்து வருகிறாள். தடுப்புக்குப் பின்னால் ஃபெர்மீன் இருமுகிறான். வைத்தியர் ஒவ்வொரு முறை காதலைச் சொல்ல வாயெடுக்கும்போதும் ஓர் இருமல். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

மறுநாள் ஓர்டேலியோ ஒரு தட்டு நிறையச் சுருட்டோடு கூடத்துக்கு வந்தார். சுருட்டில் காற்று சரியாக இழுபடுகிறதா என்று சோதிப்பவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"தோழர்களே, நேத்து போட்ட சுருட்டு எதுலயும் காத்தே வரல. கல்லு மாதிரி இருக்கு. மிக்தாலியா தன் நாவல வாசிக்கிற அன்னிக்கெல்லாம் இதே கததான். இங்க என்ன நடக்குது?"

நடந்தது இதுதான். சிரிக்கும்போது மனிதனுக்குக் கை இறுகிவிடுகிறது. உள்ளே வைத்த இலை நசுங்கிப்போகிறது. ஒதுக்கிய சுருட்டுக்குக் கூலி கிடையாது.

"நாங்க பாத்துக்கறோம், நீங்க போங்க தோழர்" என்று கத்தினோம். அக்கா மட்டும் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என் கதையால உங்க வீட்டு அரிசி கொறைய வேண்டாம். நாளையிலேருந்து துப்பறியும் கதை."

கத்திகளைத் தரையில் போட்டுப் பார்த்தோம். அவள் மசியவில்லை. துப்பறிவாளர் வந்து பிணத்தைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார். எங்கள் கை பறந்தது. சுருட்டு அருமையாக வந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மற்றவர்களுக்கு அது கதை. எனக்கு அப்படி இல்லை. ஸெனாய்தாவும் ஃபெர்மீனும் சேர்ந்துவிட்டால் எங்கள் வீட்டிலும் ஏதாவது நடக்கும் என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன். ஸெனாய்தா பேசும்போதெல்லாம் ரிகோவின் கத்தி நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கதை அரைகுறையாக நின்றதில் நாங்களும் அரைகுறையாக நின்றோம்.

அக்காவுக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு மதியம் என் பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உருட்டறத எனக்குக் காட்டு. எந்த இடத்துல கை இறுகினா கெடுது?" என்றாள். உள்ளிலையைக் கொத்தாகப் பிடித்துக் கட்டும்போது இறுகினால் சுருட்டு போச்சு. மேலிலையைச் சுற்றும்போது சிரித்தால் இலைதான் கிழியும், வேறு இலை போட்டுக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. நாங்கள் உள்ளிலை கட்டும் நேரத்துக்குச் சோகம், மேலிலை சுற்றும் நேரத்துக்குச் சிரிப்பு என்று பழைய அத்தியாயங்களையே பிரித்து எழுதினாள். நாங்களும் ஒரே நேரத்தில் கட்டி, ஒரே நேரத்தில் சுற்றுவது என்று ஒப்புக்கொண்டோம். ஒரு பாட்டுக்குக்கூடச் சேர்ந்து தாளம் போடாத கூட்டம் நாங்கள்.

ஓர்டேலியோ மறுபடியும் தட்டோடு வந்தார்.

"இப்ப புயல் மாதிரி காத்து வருது. எல்லாம் தொளதொளன்னு கிடக்கு. யாரு செத்துட்டா?"

சோகத்தில் கை தளர்ந்துவிட்டது! நாங்கள் தலையில் கை வைத்தோம். அக்கா மட்டும் ஓர்டேலியோவிடமிருந்து அந்தத் தொளதொளத்த சுருட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் எழுதியதுதான் இன்று ஊரே புகழும் அந்த நடை. விழுந்து விழுந்து சிரிக்கவும் விடமாட்டாள், விசும்பவும் விடமாட்டாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எங்கள் கைக்கு அது சரியாக இருந்தது. ஓர்டேலியோ தட்டோடு வருவதை நிறுத்தினார். பிற்பாடு ஹவானா பத்திரிகை ஒன்று, இந்த ஆசிரியையின் அடக்கம் ஐரோப்பிய இலக்கியத்திலிருந்து வந்தது என்று எழுதியது. அதைக் கூடத்தில் சத்தமாக வாசித்தோம். "ஐரோப்பாவா? அது நான்" என்றார் ஓர்டேலியோ.

கடைசி அத்தியாயத்தன்று அக்காவிடம் சொல்லாமல் எல்லோரும் விடியும்போதே வந்துவிட்டோம். சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. அவள் மேடை ஏறியபோது அன்றைய சுருட்டு எல்லாம் முடிந்து, பலகைகள் துடைத்துக் கிடந்தன. எங்கள் கை மடியில் சும்மா இருந்தது. ஓர்டேலியோகூட முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இன்னிக்கு எங்க கையப் பாக்காத. வேல முடிஞ்சிது. எவ்ளோ வேணா சிரிக்க வை" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி கழற்றித் துடைத்தாள். பிறகு வாசித்தாள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒருவன் முக்காலியிலிருந்தே விழுந்தான். ஓர்டேலியோ சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். குதிரை கனைப்பதுபோல் இருந்தது. கதையின் கடைசியில் ஃபெர்மீன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறான்: "ஸெனாய்தா, நாம திரும்பக் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அக்கா நிறுத்தினாள். தாளைத் தூக்கிக் காட்டினாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"இதுக்கு மேல எழுதல. எனக்குத் தெரியாதத நான் எப்படி எழுதறது? தெரிஞ்சவ ரெண்டாவது வரிசையில இருக்கா."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ரிகோ மட்டும் திரும்பவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறைந்துகொள்ள ஓர் இலைகூட இல்லை அந்தக் கையில். பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள் நான். ஆனால் துடைத்துக் கிடந்த பலகையை இன்னொரு முறை துடைத்தேன்.

"கல்யாணத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன் கடைசியில். "மொதல்ல அந்த அட்டையக் கழட்டு. ஜன்னல் உன் பக்கம் இருக்கு, இந்தப் பக்கம் வெந்து சாகறேன்."

ரிகோ எழுந்து நின்றான். "இன்னிக்கேவா?" என்றான். கூடம் போட்ட கூச்சல் தெருவரை கேட்டதாம். அந்தக் கூச்சலுக்கு நடுவில் அக்கா நின்றபடியே நான் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொண்டிருந்தாள். நாவல் அந்த வரியோடுதான் முடிகிறது. அச்சிட்டவர்கள், காதல் கதை என்றால் கல்யாணத்தில் முடியவேண்டும், கடைசி வரியை மாற்றுங்கள் என்று ஹவானாவிலிருந்து கேட்டார்களாம். அது என் வரி இல்லை, சொன்னவளைத்தான் கேட்கவேண்டும் என்று அக்கா பதில் அனுப்பிவிட்டு, என்னிடம் வந்து கேட்டாள். மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.