கூட வரச்சொன்ன ராத்தா

இன்று காலை கல்முனை பஸ்ஸில், மாணவர்களுக்கு எடுக்கவிருந்த மத்தியகால மெய்யியல் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன பாடம் தங்கச்சி?" என்று பக்கத்து சீட்டிலிருந்த, முன்பின் தெரியாத ராத்தா ஒருவர், என்னைவிட மூத்த அக்கா, கேட்டார்.

"நடக்கப்போறது இறைவனுக்கு முந்தியே தெரியுமெண்டா, மனிசன் எடுக்கிறது சொந்த முடிவா எண்டு பைசாந்தியத்திலயும் பக்தாதிலயும் தர்க்கம் பண்ணியிருக்காங்க."

அவர் மடியிலிருந்த ஆஸ்பத்திரிக் கோப்பினை இறுக்கிப் பிடித்தார்.

"அல்லாஹ்வுக்குத் தெரியும். மகன்ட ரிப்போட்ல என்ன கெடக்கெண்டு எனக்குத்தான் தெரியா. எடுக்காமத் திரும்பிருவமா எண்டு இருக்கு."

"போய் எடுங்க ராத்தா."

"கூட வாறீங்களா?"

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆஸ்பத்திரியடியில் தனியாக இறங்கி, நின்று, பிறகு உள்ளே போனார்.

வகுப்பில் பாடத்தை இடையிடையே நிறுத்தினேன். இரண்டு தடவை வெளியே வந்து நின்றேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நான் இறங்காதது என் சொந்த முடிவுதான். அதில் எந்தத் தர்க்கமும் இல்லை. நீங்களென்றால் இறங்கியிருப்பீர்களா?