சேவுப் பட்டறைக்குக் கேஸ் வந்த கதை

ஒரு விடுகதை. வேண்டாதபோது காலடியில் கிடக்கும். வேண்டும்போது பூட்டுக்குள் இருக்கும். அது என்ன?

தூக்கம் என்று சிலர் சொல்வீர்கள், பணம் என்று சிலர் சொல்வீர்கள். அடுப்பை நம்பிப் பிழைக்கிறவர்கள் மட்டும் சரியாகச் சொல்வீர்கள்: எரிபொருள். சேவு வியாபாரம் பாதி மாவு, பாதி நெருப்பு. மாவு சொன்ன பேச்சைக் கேட்கும்.

சமயநல்லூரில் மெயின் ரோட்டை ஒட்டி என் பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. எழுபதுகளில் விறகு விலை ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினேன். கொஞ்ச நாளில் மண்ணெண்ணெய் கடைகளிலிருந்து காணாமல் போனது. பிறகு மரத்தூள் அடுப்புக்கு வந்தேன். ஒரு தகர டிரம்மின் நடுவில் உருளைக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, கட்டையை உருவிவிட்டு, கீழே இருக்கும் ஓட்டை வழியாகத் தீ வைக்க வேண்டும். மலிவான அடுப்பு. ஆனால் புகை.

எங்கள் ஒரே மகள் செல்விக்கு அப்போது ஆறு வயது. அந்தப் புகையில் அவளுக்கு இளைப்பு வந்தது. மூன்றாம் முறை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, புகை இருக்கிற வீட்டில் இந்தக் குழந்தை இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி பாக்கியத்தின் அக்கா, எனக்கு மதினி, அழகர்கோவிலில் இருந்தார். குழந்தை இல்லாதவர். செல்வியை அங்கே கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாக்கியம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “கேஸ் வந்ததும் கூட்டிட்டு வந்துரலாம்” என்றேன். அதற்குப் பிறகு நான் பட்டறையில் செய்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான்.

தூளுக்கு வந்த மரியாதை

மரம் அறுக்கும் மில்லில் ஆரம்பத்தில் தூளைச் சும்மா அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். இடத்தை அடைக்கிறதே என்று அவர்களுக்குக் கவலை. நான் சாக்கோடு போனால் மில்காரர் டீ வாங்கிக் கொடுப்பார். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்ததும் மதுரையிலிருந்து ஓட்டல்காரர்களும் சாக்கோடு வந்து நின்றார்கள். முதலில் டீ நின்றது. பிறகு தூளுக்கு விலை வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கிற மாதம் விலை இறங்கும், கிடைக்காத மாதம் ஏறும். ஒரு நாள் போய்ப் பார்த்தால், தூள் குவியலைச் சுற்றித் தகரம் அடித்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். தேக்குப் பலகைகள் எல்லாம் வெளியே திறந்த வெளியில் கிடந்தன.

“என்னண்ணே, பழகின முகத்துக்கு ரெண்டு சாக்கு கிடையாதா?” என்று கேட்டேன். மில்காரர் என் தோளில் கையைப் போட்டார்.

“பழகின முகத்துக்கு மரத்தை வேணா விலை குறைச்சுத் தாரேன். தூளை மட்டும் கேக்காதீக.”

நிறுத்தத் தெரியாத அடுப்பு

மரத்தூள் அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். பற்றவைத்துவிட்டால் அதுவாக எரிந்து முடிகிறவரை நிறுத்த முடியாது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கிற தூளெல்லாம் பாழ். ஆகவே அடுப்புக்குத் தகுந்தபடி நாம்தான் வேலை வைத்திருக்க வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். அடுப்பைப் பற்றவைத்து அரை மணி ஆகியிருக்கும், மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு, கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று ஆள் வந்து சொன்னான். அடுப்பு இன்னும் மூன்று மணி நேரம் எரியும். சரக்கு மாஸ்டர் காசி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பாக்கியம் உள்ளே போய், கொஞ்சம் மாவைக் காரம் போடாமல் பிசைந்து எடுத்து வந்தாள். செல்விக்குக் காரம் ஆகாது. மெல்லிய கண் உள்ள கரண்டியில் தானே தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்குக் கொண்டுபோக ஒரு தூக்குவாளி நிறைந்தது. பிறகு இரண்டாவது தூக்குவாளி. எட்டு நாளைக்கு ஒரு பிள்ளை எவ்வளவு தின்னும் என்று நான் கேட்கவில்லை.

அடுப்பு அடங்கியதும் காசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“முதலாளி, இம்புட்டு நாள்ல இன்னிக்குத்தான் இந்த அடுப்பு ஒழுங்கா எரிஞ்சிருக்கு.”

மிளகு

மழைக்காலத்தில் தூள் நனைந்துவிடும். அந்த நாட்களில் கடலைத் தொலியைப் போட்டு எரித்தோம். தொலி காகிதம் மாதிரி எரியும். அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். காற்று அடித்தால் அதன் கரி பறந்து எண்ணெயில் விழும். ஒரு ஈடு முழுவதும் கரும்புள்ளி விழுந்துவிட்டது. விற்பதற்கில்லை என்று ஒரு தாம்பாளத்தில் கொட்டி ஓரமாக வைத்திருந்தேன்.

வாடிப்பட்டியிலிருந்து வாரம் ஒரு முறை வரும் கடைக்காரர் ஒருவர், நான் கல்லாப் பக்கம் திரும்புவதற்குள் அதில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுவிட்டார். அது சரக்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடி மென்றுகொண்டே கையால் என்னைத் தடுத்தார்.

“மிளகு இப்பத்தான் சரியா விழுந்திருக்கு. இதையே அஞ்சு கிலோ கட்டுங்கண்ணே!”

சகலையின் கடையில் ஒரு வேட்டி

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. நானோ பாக்கியமோ தூக்குவாளியோடு அழகர்கோவிலுக்குப் பஸ் ஏறுவோம். முதல் தடவை நான் போனபோது செல்வி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மறு நிமிஷம் இருமினாள். விலகி நின்று, “நீ வந்தா புகையும் வருதுப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சகலைக்குக் கோயில் வாசலில் தேங்காய்க் கடை. அடுத்த வாரத்திலிருந்து அங்கே ஒரு வேட்டி சட்டையைக் கொடுத்து வைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிணற்றடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளிப்பேன். தலையை முகர்ந்து பார்க்கச் சொல்லிச் சகலையிடம் குனிந்து காட்டுவேன். அவர் சரி என்றால்தான் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். நாலு வருஷம் அப்படி. ஒரு நாள் அவர் தேங்காயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“சாமி கும்புட வாரவன்கூட இம்புட்டுச் சுத்தமா வாரதில்ல, சகலை.”

விலை ஏறட்டும்

கேஸுக்கு மதுரையில் ஒரு கம்பெனியில் பெயர் பதிந்து வைத்திருந்தேன். எனக்கு முன்னால் நீண்ட வரிசை. மாதம் ஒரு தடவை போய் நிற்பேன். அங்கே ஒரு குமாஸ்தா, நல்ல மனிதர். நோட்டை விரல் விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

ஒரு வருஷம் கேஸ் விலை ஏறியது. அங்கே வந்திருந்த ஓட்டல்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நானும் வைத்துக்கொண்டேன். குமாஸ்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விலையைக் கேட்டதும் மூன்று பேர் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் மூன்று இடம் முன்னால் வந்திருந்தேன். அன்று முதல் பேப்பரில் முதலில் கேஸ் விலையைத்தான் தேடுவேன். ஏறவில்லை என்றால் வாட்டமாக இருக்கும். விலை ஏறவேண்டும் என்று வேண்டிக்கொண்ட வியாபாரி மதுரைச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏறிய விலையை நானும்தானே கொடுக்கவேண்டும் என்பது அந்த நேரத்தில் உறைக்காது. என் முகத்தைப் பார்த்துக் குமாஸ்தாவே ஒரு நாள் தேற்றினார்:

“கவலைப்படாதீங்க சார், அடுத்த மாசம் கண்டிப்பா இன்னொரு தடவை ஏறும்.”

சத்தமில்லாத அடுப்பு

ஏறியது. கேஸ் வந்தது. தூளைவிடச் செலவு பல மடங்கு. எண்ணெய்ச் சட்டியை நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் சூடேற்றுவது என்று ஒரு ஒழுங்கு வைத்தேன். மாவு முழுவதும் பிசைந்து வரிசையாக வைத்த பிறகுதான் தீ. முதலில் அதிகச் சூடு வேண்டிய காராச்சேவு, அப்புறம் ஓமப்பொடி. தீயை அணைத்த பிறகும் எண்ணெயில் மிச்சம் இருக்கும் சூட்டில் கறிவேப்பிலை, பொட்டுக்கடலை. காற்று புகாமல் அடுப்பைச் சுற்றித் தகரம். இப்படிச் செய்ததில் கையைக் கடிக்காமல் தப்பித்தோம்.

காசிக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. நீலமாக எரிந்த தீயைக் குனிந்து குனிந்து பார்த்தார். புகை இல்லை, வெடிப்பு இல்லை, கண் எரிச்சல் இல்லை.

“எரியுதா இல்லையான்னே தெரியாத அடுப்பை நம்பி எப்படி முதலாளி எண்ணெயைக் காய வைக்கிறது?”

கேட்டோம்

சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். ஓட்டுச் சந்திலிருந்த கரியைக்கூடப் பாக்கியம் ஏணி வைத்துச் சுரண்டினாள். ஒரு சனிக்கிழமை செல்வியைக் கூட்டி வந்து, பட்டறை நடக்கும்போதே வீட்டில் வைத்திருந்தோம். சாயங்காலம் வரை ஒரு இருமல் இல்லை. அவளுக்கு இப்போது பத்து வயது.

மறுநாள் மூவரும் அழகர்கோவிலுக்குப் போனோம். மதினி காபி கொடுத்தார். “புள்ளைகிட்டயே கேளுங்க தம்பி. நான் ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. ஏறுகிற சத்தம் வெகு நேரம் வரவில்லை.

பாக்கியம் கேட்டாள்: “இப்ப புகை இல்லடி செல்வி. நம்ம வீட்டுக்கு வாரியா?”

சக அடுப்புக்காரர்களே, விறகு, மண்ணெண்ணெய், தூள், தொலி, கேஸ் என்று ஐந்தின் விலையும் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லப் பழகியிருந்த எனக்கு, அந்தப் பதில் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் தெரியவில்லை.

பெரியம்மா வீட்டிலேயே இருப்பதாகச் செல்வி சொன்னாள்.