முதல் கியரில் பின்னால் போன கார்

வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் போதும், சின்னவன் எழுந்து நின்று நடித்துக் காட்டத் தொடங்கிவிடுகிறான். கன்னத்தை உப்பவைத்து எஞ்சின் சத்தம் போடுவான். கியர் போடுவதுபோல் கையை அசைப்பான். பிறகு அப்படியே பின்பக்கமாக நடந்து போய்ச் சுவரில் முட்டிக்கொள்வான். "தண்ணி டிரம்மு, தண்ணி டிரம்மு!" என்று பெரியவள் எடுத்துக் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உங்கள் அம்மா மட்டும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நீங்கள் காட்டுவதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் பார்த்தது பாதிதான். மீதியை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் அந்தக் கார். இரண்டே சீட், தரையோடு தாழ்ந்த சிவப்பு உடம்பு, கூரையைக் கழற்றி வைத்துவிடலாம். நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்து, சரியாக விற்காமல் நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். பார்வைக்குப் பந்தயக் கார், ஆனால் உள்ளே இருந்தது காய்கறி வாங்கப் போகிற சின்னக் காரின் எஞ்சின். சூளகிரி மேட்டில் பாரம் ஏற்றிய லாரி ஹாரன் அடித்து அதை முந்திப் போகும். குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில் எச்சம் படிந்து கிடந்ததை நான் வாங்கி வந்தபோது சின்னவனுக்குப் பள்ளிக்கூட வயசு ஆகவில்லை.

நெடுஞ்சாலையில் பின்பக்கம் அடிபட்ட ஒரு பழைய நாலு கதவுக் காரின் எஞ்சின், கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. என் காரில் இருந்ததைவிடப் பெரிது, பலமும் அதிகம். இதைத் தூக்கி அதில் வைத்துவிட்டால் பந்தயக் கார் நிஜமாகவே பந்தயக் கார் ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு, வாராந்திர ஓய்வு நாள் எல்லாம் அந்தத் தகரக் கொட்டகைக்கே போயிற்று. அது உங்கள் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடம். ஒரு வார்த்தை சொல்லாமல் கொடியை அவிழ்த்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். மழை நாளில் ஈரத்துணி வீட்டுக்குள் தொங்கியதற்குக் காரணம் நான்தான்.

வாங்கிய எஞ்சினும் காரிலேயே இருந்த கியர்பாக்ஸும் வேறு வேறு வண்டியுடையவை. ஒன்றின் போல்ட் துளை இன்னொன்றில் பொருந்தாது. நடுவில் ஒரு கனமான அலுமினியத் தகடு செய்து, இரண்டையும் அதில் பிடித்து நிறுத்த வேண்டும். தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வேலை பார்க்கிறவனுக்கு இதைவிட இனிப்பான வேலை உண்டா? முடியளவு பிசகில்லாமல் அந்தத் தகட்டைச் செய்தேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம் போல இருந்தது. எனக்குப் பிடித்துப்போய் அதையே எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் உங்கள் மாமா புது வீடு கட்டிக் குடிபோனார். பந்தி நடக்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்து, "ஏம் மாப்ள, அந்தப் பொம்மக் காரு இன்னும் செங்கல்லு மேலதான் நிக்குதா? இங்க கொண்டாந்து போடுங்க. மண்டியில தக்காளிக் கூடை அடுக்கவாச்சும் ஆகும்" என்றார்.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆயிடும் மச்சான்" என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த உங்கள் அம்மா தன் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஆயுத பூஜைக்கு எங்க வூட்டுக்கு வா. பூஜைய முடிச்சுட்டு அந்தக் கார்லதான் உன் வூட்டுக்குக் கிளம்புவேன். சாப்பாடு எடுத்து வையி."

"அட பாப்பா! நீயா, அதுலயா?"

"ஆமா, அதுலதான். சொல்லிட்டேன், சொன்னதுதான்."

அதுவரை அந்தக் காரைப் பற்றி அவள் நல்லதோ கெட்டதோ பேசியதில்லை. அண்ணன், அண்ணி, பெரியப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் நடுவில் எனக்காக வாக்கைக் கொடுத்துவிட்டாள். திரும்பி வரும்போது பைக்கில் என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஓடும் இல்லீங்களா?" என்று கேட்டாள். "ஓடும்" என்றேன்.

பூஜைக்கு முன்னாலேயே எஞ்சின் ஓடிவிட்டது. நியூட்ரலில் வைத்து சாவியைத் திருப்பியதும் அது உறுமிய உறுமலில் தெருவே கூடியது. நீங்கள் இருவரும் குதித்தீர்கள். என்னோடு டூல் ரூமில் வேலை செய்கிற கன்னடக்கார நண்பரை உங்களுக்குத் தெரியும். என்னை எப்போதும் குரு என்றுதான் கூப்பிடுவார். அவர் மட்டும் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குரு, வீலு தரையில படாம ஜாக்கில நிறுத்தி ஒருவாட்டி கியர் போட்டுப் பாத்துடு."

"பூஜைக்கு முன்னாடியா? நம்ம பட்டறைல புது மெஷினு வந்தா பூஜை போடாம ஸ்பிண்டில சுத்த விடுவமா?"

"அது, செஞ்சவன் சுத்திப் பாத்து அனுப்புன மெஷினு குரு. இத யாரு சுத்திப் பாத்தா?"

"எலுமிச்சம்பழத்து மேலதான் மொதோ சுத்து" என்று சொல்லிவிட்டேன். பக்திதான் காரணம் என்று அன்றைக்கு நானே நம்பினேன். இப்போது யோசித்தால், பக்தி கொஞ்சம்தான். அந்தச் சக்கரம் முதல்முதலாகச் சுற்றுவதை எல்லோரும் பார்க்க வேண்டும், மச்சான் பார்க்க வேண்டும். அதுதான் ஆசை. கொட்டகைக்குள் தனியாக யாரும் பார்க்காமல் அது சுற்றிவிட்டால் எனக்கு என்ன ருசி?

பூஜை அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காருக்கு வாழைக்கன்று, சாமந்தி மாலை, பானெட்டில் சந்தனம் குங்குமம். முன் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். தட்டில் பொரி, கடலை. பக்கத்து வீட்டு ஸ்கூட்டர்களையும் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். உங்கள் மாமா தன் பெரிய வெள்ளை வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் அம்மா கல்யாணத்துக்குக் கட்டிய அரக்கு நிறப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்து, அந்தத் தாழ்ந்த சீட்டில் சிரமப்பட்டு இறங்கி உட்கார்ந்தாள். மடியில் அண்ணன் வீட்டுக்கு ஒரு பை பொரி. பூசணிக்காய் உடைத்தார்கள். நான் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன்.

கார் பின்னால் பாய்ந்தது.

பின்னாலிருந்த தண்ணீர் டிரம்மில் இடித்து நின்றது. டிரம் பிளந்து தண்ணீர் முழுக்கக் காருக்கு அடியில் ஓடி, பொரித் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனது. நசுங்காத எலுமிச்சம்பழங்கள் தண்ணீரில் மிதந்து போயின. சின்னவனே, நீ அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினாய். "அய்யோ குரு, ஹிந்தே ஹோக்தா இதே!" என்று நண்பர் கன்னடத்தில் கத்தினார். பின்னால் போகிறதே என்று அர்த்தம். அர்த்தம் தெரியாதவர்கள்கூட அதைக் கேட்டுத்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

என்ன தப்பு என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு சக்கரத்தை இந்தப் பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் மாதிரி சுற்றும். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் அதே சக்கரம் எதிராகச் சுற்றும். எஞ்சின் வந்த அந்தப் பழைய காரில் எஞ்சின் ஒரு பக்கமும் கியர்பாக்ஸ் மறுபக்கமும் இருந்தன. என் காரில் இடம் நேர்மாறு. பொருந்தட்டும் என்று எஞ்சினைத் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்தால் அது சுற்றுகிற திசையும் திரும்பிவிடும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. தகட்டின் அழகையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படி எட்டும்? ஜாக்கில் நிறுத்திப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த இடம்.

நான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். முன்னால் போய் பானெட்டைத் தூக்கி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஒயரைத் தொட்டேன், குழாயைத் தொட்டேன், மூடியைத் திறந்து மூடினேன். வெளியே தலையை எடுத்தால் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நண்பர் பக்கத்தில் வந்து மெதுவாக, "விடு குரு" என்றார். அப்போதும் நான் தலையை எடுக்கவில்லை.

உங்கள் மாமா சத்தமாகச் சொன்னார்: "மாப்ள, முன்னாடி போறதுக்கு ரிவர்ஸ் போடணுமோ என்னவோ! போட்டுப் பாருங்க!"

மறுபடியும் சிரிப்பு. பெரியவளே, நீயும் சிரித்தாய். தப்பில்லை, சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு மாமா காரின் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"வா பாப்பா, எறங்கு. நம்ம வண்டியில போலாம்."

உங்கள் அம்மா இறங்கவில்லை. "என்னாங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் போனேன்.

"அண்ணன் கேலி பண்ணது நெசமா நடக்குமா? ரிவர்ஸ் போட்டா முன்னால போகுமா?"

"போகும். ஆனா அந்த ஒரே கியர்தான். மாட்டு வண்டி வேகத்துல கத்திக்கிட்டே போகும். வேணாம்மா, எறங்கிடு."

"எவ்வளவு தூரம் போகும்?"

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போகலாம். அதுக்கு மேல ஓட்டக் கூடாது, கியர் தாங்காது."

"அப்ப அது வரைக்கும் போங்க. இதுலதான் கிளம்புவேன்னு சொல்லியிருக்கேன்."

சின்னவனே, நீ பிடித்து வந்த எலுமிச்சம்பழங்களை நண்பர் வாங்கித் திரும்பவும் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன். பழங்கள் நசுங்கின, கார் முன்னால் நகர்ந்தது. உங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மாமா முன்னாலேயே போய்விட்டார். நீங்கள் பார்த்தது அதோடு முடிந்தது.

ரிவர்ஸ் கியர் ஓலமிடுகிற சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினேன். உங்கள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் தலையசைத்தாள். மளிகைக் கடைக்காரம்மா, "எங்க பயணம்?" என்று கேட்டாள். "அண்ணன் வூட்டுக்கு" என்றாள். பஸ் ஸ்டாப் பக்கத்துப் புளியமரத்தடியில் காரை நிறுத்தினேன். மாலையும் வாழைக்கன்றும் அப்படியே இருக்க, நாங்கள் ராயக்கோட்டை பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் கூட்டம். பண்டிகைக்கு ஊர் போகிற தொழிற்சாலைப் பிள்ளைகள். யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"பானெட்டத் தொறந்து என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல."

"எனக்குத் தெரியும்." பொரிப் பையின் முடிச்சை இறுக்கினாள். "நீங்க அதத் தூக்குனதும் கண்ணாடி முழுக்க மறைச்சுடுச்சு. எனக்கு முன்னால செவப்புத் தகடுதான். யாரையும் தெரியல, உங்களையும் தெரியல. சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு."

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. என் முகத்தை மறைக்கத்தான் பானெட்டைத் தூக்கினேன். நான் ஒளிந்த இடமும் அவளுடைய சுவரும் ஒரே தகடு. எனக்காக வாக்குக் கொடுத்தவள் பட்டுப் புடவையில் அந்தச் சிரிப்புக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் ஒயரைத் தடவிக்கொண்டிருந்தேன். கார் பின்னால் போனது ஒரு வெட்கம். ஊரே பார்த்தது, நீங்களும் நடித்துக் காட்டுகிறீர்கள், அது கரைந்துவிடும். இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது. இது கரையவில்லை.

மாமா வீட்டு வாசலில் அண்ணி, "கார்ல வரேன்னியே?" என்று கேட்டாள். "கார்லதான் கிளம்புனேன் அண்ணி. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கார்ல, அப்புறம் பஸ்ல. சாப்பாடு எடுத்து வெச்சீங்களா?" என்றாள் உங்கள் அம்மா. மாமா என்னைப் பார்த்து எதுவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "உக்காருங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அதன்பின் அந்த வீட்டில் யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அந்த எஞ்சினுக்குரிய கியர்பாக்ஸையே தேடிப் பிடித்து மாட்டிவிட்டேன். நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜாக்கில் நிறுத்திச் சுற்றிப் பார்த்தாயிற்று. சக்கரம் முன்பக்கம்தான் சுற்றுகிறது. எல்லா கியரிலும் பார்த்தோம். காரைச் செய்தவன் என்ற முறையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அவளிடம் போய், "வா, உட்காரு" என்று கூப்பிட எனக்கு இன்னும் முகமில்லை. நேற்று அவள் மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது கொட்டகைப் பக்கம் நின்று, "மாட்டியாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். வேறு ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் நின்றாள். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். பானெட் அப்போதும் திறந்துதான் இருந்தது. எழுந்து போய் அதை மூடினேன்.