எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பல் ஜன்னி

கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் எழுத வேண்டும், கேட்காததை எழுதக் கூடாது. வருவாய்த் துறையில் எனக்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் நான் ஓதிய விதி இது. 2004 கோடையில், மதுரையில் ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவர் முன்னால் என் குடும்பமே அதைப் பிசகில்லாமல் கடைப்பிடித்தது.

பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். காய்ச்சலே இல்லாமல் கண் செருகி, கை கால் வெட்டி இழுக்கும். விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று மருத்துவர் கேட்டார். நானும் மகனும், டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த என் அக்காவும் ஒரே குரலில் இல்லை என்றோம்.

"எங்க பக்கம் அப்படி எதுவும் கெடையாது" என்றாள் அக்கா, எழுமலையில் பிறந்த என் மருமகளைப் பார்த்தபடி.

மருத்துவர் விளக்கினார். நரம்பு செல்லுக்குள் சோடியம் உப்பு நுழையச் சிறு வாசல்கள் உண்டு. அவற்றை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால், மூட வேண்டிய நேரத்தில் வாசல் சரியாக மூடாது. மூளையில் மின்னோட்டம் கட்டு மீறும். (வேலை நேரத்தில் திறக்காத கவுண்டர்களை நான் அறிவேன். மூடாத வாசல் எனக்குப் புதிது.) இதில் குழந்தையின் வளர்ச்சியையே முடக்கும் வகையும் உண்டு, தானாக நின்றுவிடும் வகையும் உண்டு. ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றதை மோசமாக்கலாம். எது என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது என்று யோசித்தார்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் அக்கா முணுமுணுத்தாள்: "பல்லு வந்தா போயிரும். இதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்."

"யாருக்குப் போச்சு பெரியம்மா?" என்றாள் மருமகள்.

"ஏன், ஒன் புருசனுக்குத்தான். ஒன் மாமனாருக்கும் சின்னப்புள்ளயில எம்புட்டு இழுக்கும் தெரியுமா? கண்ணு மேல சொருகிரும். நடை பழகவும் நின்னுபோச்சு."

"அப்ப அது வலிப்பு இல்லையா?"

"வலிப்பா? வாயக் கழுவு. அது பல் ஜன்னி."

மருமகள் குழந்தையோடு எழுந்தாள். காத்திருந்த வரிசையை மதிக்காமல் உள்ளே நுழைந்தாள். தடுக்கப் பின்னாலேயே போனேன்.

"டாக்டர், இவங்க வீட்டுல அதுக்குப் பேரு வேற. பல் ஜன்னியாம். எங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கு, மாமாவுக்கும் வந்திருக்கு. ரெண்டு பேருமே இப்ப நல்லாத்தான் இருக்காங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன மனிதனின் முகத்தோடு நின்றேன்.

தானாக நின்றுவிடும் வகைதான் என்று முடிவு செய்து, அன்றே அதற்கேற்ற மருந்தைத் தொடங்கினார். இழுப்பு குறைந்து, நின்றது. எங்கள் எல்லோருடைய ரத்தமும் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்குப் போனது. முடிவு வருவதற்குள் பேத்தி நடந்து, ஓடி, மருந்தையும் விட்டுவிட்டாள். பிழை என்னிடமிருந்து மகனுக்கும் அவனிடமிருந்து பேத்திக்கும் வந்திருந்தது, மருமகளிடம் இல்லை. படித்துக் காட்டினேன்.

"அப்ப நம்ம பக்கந்தானாடா?" என்றாள் அக்கா.

"கைல காப்பி ஆறுது பெரியம்மா" என்றாள் மருமகள்.

எங்கள் வம்சத்தின் பெருமை என்று யாராவது பேச்செடுத்தால், எழுமலையிலிருந்து வந்த அந்தப் பெண்ணைத்தான் இன்றும் கைகாட்டுகிறேன். அவளிடம் பிழை இல்லை என்று எழுத்திலேயே உறுதி செய்த அந்த ஆய்வகப் பதில் என் கைக்கு வந்தது 2006 சித்திரையில், தேரோட்டத்தன்று.