கண்ணாடிக்காரரின் முரட்டு கியர்

கண்ணாடிக்காரரின் பழைய பிக்கப் வண்டியில் கியர் மாற்றுவது மாட்டைக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற வேலை என்று தெருவே சொல்லும். இரவல் வாங்கிப் போனவர்கள் முனை தாண்டுவதற்குள் தோள்பட்டையைத் தடவிக்கொண்டு திரும்பி வருவார்கள். "பழகணும்ப்பா, பழகணும்" என்பார், சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு.

அவரிடம் மட்டும் வண்டி பூனைக்குட்டி. ஏறுமுன் குனிந்து வண்டியின் உள்தரையைத் தொடுவார். இறங்கியதும் மறுபடி ஒருமுறை.

"கட்டின பொண்டாட்டிக்கு இந்த மரியாதை கிடையாது" என்று கடையில் கண்ணாடி வெட்டியபடியே மனைவி சொல்வாள்.

"நீ என்ன அரை டன் பாரம் இழுக்கிறியா?"

"இருபத்தஞ்சு வருஷமா உங்களை இழுக்கிறேனே!"

லைசன்ஸ் எடுத்த சூட்டோடு அவளும் ஒருநாள் ஓட்டிப் பார்த்தாள். கியர் போட்ட அலறலில் பக்கத்துத் தையல்காரர் ஊசியோடு வெளியே ஓடி வந்தார். அதன்பிறகு அவள் சாவியைத் தொடவில்லை.

போன மாதம் கண்ணாடிக்காரர் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மகள் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதிக்கும் பொறியாளர். எது பழுதானாலும் காரணம் தேடுவாள். இதற்கு மட்டும் தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை. எனவே சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தம்பி வந்து வேலை கொடுத்தார்.

"அக்கா, இந்த எருமையை உன்னால மேய்க்க முடியாது. சனிக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிட்டேன்."

"அப்புறம் கடையை எப்படிடா நடத்துறது? கண்ணாடியைத் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போகவா?"

"ஓட்டிக் காட்டு. நான் வாயை மூடிக்கிறேன்."

அவர் போனதும் மகள் கேட்டாள்: "கியரைச் சரிபண்ணிக் குடுத்தா ஓட்டுவியாம்மா?"

"ஓட்டாம? உங்கப்பா மாதிரி கும்பிடு போட்டே ஓட்டுறேன்."

மகள் வண்டிக்கு அடியில் நுழைந்தாள். கியர்பெட்டியிலிருந்து தார் மாதிரி எண்ணெய் ஒழுகியது. அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினாள். கியர் கம்பியின் அடியில் தேய்ந்துபோன பிளாஸ்டிக் வளையத்தை மாற்றினாள். கம்பி ஆடுவது நின்றது. முரட்டுத்தனம் நிற்கவில்லை. இன்னொன்றும் அவளை உறுத்தியது. இப்படி வெட்டி வெட்டி இழுக்கும் வண்டியில் அப்பா ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லையே, எப்படி?

கிளட்ச் குழாயில் காற்று புகுந்திருக்கலாம் என்று அம்மாவைப் பெடலை மிதிக்கச் சொன்னாள்.

"முழுசா மிதிம்மா!"

"மிதிச்சுட்டேன்டி! இதுக்கு மேல தரையை ஓட்டை போட்டுத்தான் மிதிக்கணும்!"

கீழே கிளட்சைத் தள்ளும் தண்டு, நகர வேண்டியதில் பாதிதான் நகர்ந்தது. காற்று இல்லை. பெடலே முழுதாக இறங்கவில்லை; பிறகு கியர் எப்படி அலறாமல் விழும்? மகள் வெளியே வந்து, பெடலுக்குக் கீழே மடிந்து கிடந்த தடித்த தரைவிரிப்பைத் தூக்கினாள்.

கறுப்பாக ஒரு கட்டை. கைபட்டுக் கைபட்டு வழவழத்திருந்தது. ஒரு செருப்பின் உயரமான குதிகால்.

அம்மா அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது என் செருப்புடி! கல்யாணத்துக்கு வாங்கினது! நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னாரே! அந்த நாயை எத்தனை நாள் விரட்டியிருக்கேன்!"

இரவல் கேட்பவர்களுக்கென்று அப்பா வைத்த தடை. தான் ஓட்டும்போது எடுத்துவிடுவார். இறங்கியதும் பழைய இடத்தில் வைப்பார். தெருவே பார்த்த கும்பிடு அதுதான். கடைசி நாளும் மறக்காமல் வைத்துவிட்டுத்தான் சாப்பிட வந்திருக்கிறார்.

"அப்போ எனக்கும் இதைத்தான் வெச்சாரா?" என்றாள் அம்மா. காலியாயிருந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து வாய் வலிக்கும்வரை திட்டினாள். பதில் வராததால் பாதியில் குரல் உடைந்தது. மகள் ஸ்பேனரைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

பிறகு அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "சாவி எங்கே?" என்றாள்.

சனிக்கிழமை மாமா இரும்புக்காரரோடு வந்தபோது வண்டி கடை வாசலில் இல்லை. ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இறக்கிவிட்டு அம்மா அப்போதுதான் திரும்பினாள். கியர் மாறிய சத்தமே கேட்கவில்லை. இரும்புக்காரர் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

மாமா வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான்.

"அக்கா, இவ்வளவு நல்லா ஓடுதே! சும்மாதானே நிக்கப்போகுது, குடேன். ஒரு பீரோ எடுக்கணும், கட்டில் எடுக்கணும், மச்சான் வீட்டுச் சாமானும் கொஞ்சம் இருக்கு…"

அம்மா அவரையே பார்த்தாள். இறங்கினாள். பயபக்தியோடு குனிந்து வண்டியின் உள்தரையைத் தொட்டாள்.

"எடுத்துக்கோடா" என்று சாவியை நீட்டினாள். "பழகணும். அவ்வளவுதான்."

தெருமுனையில் கியர் அலறியது. தையல்காரர் ஊசியோடு ஓடி வந்தார். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவார்கள். மாமா பின்கண்ணாடியில் கவனித்துக்கொண்டிருந்தால்?