பெயருக்கு விட்ட இடம்

“கப்பல்ல ஏறயில உன் பக்கத்துல யாரு ஒக்காந்திருந்தா, பெரியப்பா?”

பஞ்சாலை இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். எதிரே குந்தியிருக்கும் கிழவருக்கு நினைவு வரவில்லை. யாரோ கோழி கொண்டுவந்தார்கள் என்கிறார். தண்ணீர் உப்புக் கரித்தது என்கிறார். பஞ்சாலை ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டுக் காத்திருக்கிறாள். ஊர், குலசாமி, கங்காணி பெயர் எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்தவன் நினைவுக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் அவன் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவள் அனுபவம். கிழவர் சட்டென்று ஒரு பெயரைச் சொல்கிறார். அந்த ஆள் பினாங்கில் இறங்கவே இல்லை என்று சொல்லித் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார். ஊசி கொண்டையை விட்டு இறங்குகிறது.

சப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம். மலாயாவில் ரந்தாவை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் பால் வாங்க ஆளில்லை. பாதி மரத்தை வெட்டி மரவள்ளி நட்டாயிற்று. கட்டத் துணியில்லை, படுக்கப் பாயில்லை. லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை விரித்துத்தான் படுக்கிறார்கள். அந்த ஷீட்டில்தான் பஞ்சாலை எழுதுகிறாள். எழுதுவதென்றால் பச்சை குத்துவது. அவள் அம்மா ஊரில் பச்சை குத்திப் பிழைத்தவள். மூன்று ஊசியைச் சேர்த்துக் கட்டும் வித்தை அவளிடமிருந்து வந்தது. எழுத்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் போனதில் வந்தது. சட்டிக்கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு போவாள். ஷீட் தேன் நிறத்தில் இருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் எழுத்தெல்லாம் உள்ளே மிதப்பதுபோல் தெரியும். உச்சி வெயிலில் இரண்டு ஷீட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருவர் கதை இன்னொருவர் கதையோடு ஒட்டிவிடாமல் இருக்க நடுவே சாம்பலைத் தூவி வைப்பாள்.

சயாமில் ரயில் பாதை போட ஆம்பிளைகளை லாரி லாரியாக ஏற்றிப் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் இந்த வேலையைத் தொடங்கினாள். “நடுவுல இருந்ததையெல்லாம் லாரில ஏத்திட்டான். இந்த முனையில கெழடு, அந்த முனையில சிறுசு. கெழடும் போயிட்டா, எங்கேருந்து வந்தோம்னு சிறுசு யார்கிட்டப் போயிக் கேக்கும்?” என்பாள். சொந்தக்காரர் என்றில்லை, ஒரே கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் பெரியப்பா, பெரியம்மா, மாமா.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மகாலிங்கம் முதலில் கேலிதான் செய்தார். “உது என்ன பிள்ளை, படுக்கிற பாயிலை பரம்பரையை எழுதுறாய்? நித்திரையிலை எச்சில் வழிஞ்சால் ஆருடைய பேர் அழியும்?” என்றார்.

“ஒங்க ஆபீசு புஸ்தகத்தக் கறையான் திங்கிதே கிராணி ஐயா. இத அது திங்காதுலா.”

பத்து நாள் கழித்து அவரே வந்தார். யாழ்ப்பாணத்திலிருக்கும் தாயாரிடமிருந்து இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. இரண்டு மத்தியானம் உட்கார்ந்து தாயாரைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு ஸ்டோரில் நல்ல ஷீட்டுகள்கூடப் ‘பழுது’ என்று அவளுக்கு ஒதுங்க ஆரம்பித்தன.

குத்துவதில் பஞ்சாலைக்கு ஒரு முறை உண்டு. கதை முழுவதையும் குத்துவாள். மேலே நான்கு விரல் அகலத்துக்கு இடம் விட்டுவிடுவாள். அது பெயருக்கு. ஆள் இறந்து, குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்ட பிறகுதான் அந்த இடத்தில் பெயர் ஏறும். வாய்க்கரிசிக்கு அரிசி கிடைக்காத நாளில் மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் போடுவார்கள். ஆனால் பெயர் மட்டும் முன்கூட்டி ஏறாது. சாமிக்குக் கண் திறப்பது கடைசியில் என்பதுபோல என்று அவளே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். கிழங்கள் இதை வைத்துத் தமாஷ் செய்வார்கள். “ஏ பஞ்சாலை, என் எடத்தக் கொஞ்சம் பெருசாவே விடு. நமக்கு நீளமான பேரு” என்பார் ஒருவர். சொல்லிவிட்டு, அவள் கையிலிருக்கும் ஊசி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வார்.

பார்க்கக் காரணம் ஆறுமுகம்.

போன வருஷம் சயாமிலிருந்து தப்பி வந்த இரண்டு பேர், மூன்றாம் லயத்து ஆறுமுகம் பேதியில் போய்விட்டான் என்றார்கள். பெண்டாட்டி தாலியை இறக்கினாள். பிணம் இல்லாவிட்டாலும் சேதியை நம்பிப் பஞ்சாலை பெயரைக் குத்தினாள். பதினைந்து நாள் போயிருக்கும். விளக்கேற்றும் வேளையில் மரவள்ளிக் கொல்லையைத் தாண்டி ஆறுமுகம் நடந்து வந்தான். காலில் எலும்பு தெரிந்தது. தன் வீட்டுக்கு அவன் போகவில்லை. நேரே பஞ்சாலை வீட்டு வாசலுக்கு வந்து, “என் பேர யாரு கூப்புட்டா?” என்று கேட்டான். காட்டில் வரும்போது ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். திரும்பிப் பார்த்தவன் விழுந்தானாம். அதிலிருந்து உடம்பு உடம்பாக இல்லை என்றான். நாளைக் கூட்டிப் பார்த்தால், அது அவள் ஊசி எடுத்த நாள். மூன்றாம் நாள் அவன் செத்தான். புண்ணில் புழு வைத்துப் போனான் என்று லயமே சொன்னது.  அதற்கப்புறம் பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் அவள் யார் பெயரையும் குத்தியதில்லை.

இது இப்படியிருக்க, அவள் அண்ணன் முனியாண்டியின் ஷீட் இருக்கிறது.

முனியாண்டி அவளுக்குப் பத்து வயது மூத்தவர். அம்மா செத்த பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவர். கடைசி லாரி வருவதற்கு முதல் நாள் மத்தியானம், கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே ஊர், கப்பல், அம்மாவின் கடைசி நாள் எல்லாம் சொன்னார். “எனக்கெதுக்கும்மா இது? மூணு மாசத்துல வந்துருவேன், வேலைக்கு ஆள் புடிக்கிற மண்டோரே சொல்லிட்டான்” என்று சிரித்தார். பஞ்சாலை விடவில்லை. ஷீட் நிரம்பியது. மேலே நான்கு விரல் இடம் வெறுமையாக நின்றது. அவர் போனபின் அதில் அவருடைய இரண்டு பெண்களும் படுத்துக்கொண்டார்கள். புழுக்கமான நாளில் எழுந்தால் சின்னவள் முதுகில் ஒன்றிரண்டு எழுத்து இடம்வலம் மாறிப் பதிந்திருக்கும்.

இந்த மழைக்காலத்தில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ஆள் ஒருவன் அந்த வழியாகப் போனான். முனியாண்டியோடு ஒரே முகாமில் இருந்தவன். “பேதிக் கொட்டாய்க்குள்ள தூக்கிட்டுப் போனதப் பாத்தேன். வெளிய வந்ததப் பாக்கல” என்றான். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அண்ணி தாயம்மாவுக்கு அந்திப்பொழுது ஆகாமல் போயிற்று. விளக்கேற்றினால் பின்வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது என்றாள். குன்று ஏறி வந்தவன் மூச்சு. தண்ணீர் வைத்தால் அப்படியே இருக்கிறது. ஆனால் குவளை மட்டும் வாசலைப் பார்த்து நகர்ந்திருக்கிறது. பயந்த பெண்பிள்ளை பேச்சு என்று பஞ்சாலை முதலில் தள்ளிவிட்டாள். ஒரு நாள் சின்னவள் கிழங்கு தின்றுகொண்டே, “அப்பா ஏன் வெளியவே நிக்குது?” என்று கேட்டபோது தள்ள முடியவில்லை.

தாயம்மா ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பேரக் குத்திரு பஞ்சாலை. படையல் போட்டு அனுப்பி வெச்சிருவோம். தாகத்தோட நிக்கிறாக.”

“அண்ணி, அண்ணன் அங்க உசுரோட இருந்தா?”

“இருந்தா, இங்க நிக்கிறது யாரு?”

 பஞ்சாலை ஊசியைத் தொடவில்லை. ஆறுமுகம் திரும்பிப் பார்த்த காட்டுப் பாதையில் அண்ணன் நடந்து வந்துகொண்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. தான் இங்கே முதல் புள்ளி வைத்தால் அவர் அங்கே திரும்பிப் பார்ப்பார். தாயம்மா ஷீட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு அடுப்பும் எட்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த எட்டு நாளில்தான் புள்ளிகள் வந்தன. பெயருக்கு விட்ட இடத்தில், இடது ஓரமாக, கறுப்பாக மூன்று. மழைக்கு ரப்பரில் பூஞ்சை பிடிப்பது புதிதல்ல. ஸ்டோரில் வேலை பார்த்த எவரும் சொல்வார்கள். பஞ்சாலையும் அதைத்தான் சொல்லிக்கொண்டாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள், போயிற்று. மறுநாள் அதே இடத்தில் ஐந்து. மற்றபடி ஷீட்டில் எங்கும் இல்லை. ‘மு’ எழுத எங்கே ஆரம்பிப்பாளோ அங்கேதான் அவை ஆரம்பித்தன. ஆறாம் நாள் அவள் தேய்ப்பதை விட்டுவிட்டு, அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

எட்டாம் நாள் அந்தியில் தானே போய் அண்ணன் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தாள். தவளை கத்திக்கொண்டிருந்தது. விளக்கு ஏறியதும் நின்றது. படிக்கு வெளியே ஏதோ கனமாக இருந்தது, லாரி போன பிறகு ரோட்டில் புழுதி நிற்குமே, அந்த மாதிரி. “அண்ணே” என்று கூப்பிட்டாள். “அண்ணே, உள்ள வாங்க.” ஒன்றும் அசையவில்லை. இருட்டும் வரை இருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை தாயம்மா வந்தாள். சண்டைக்கு வரவில்லை. தலை வாரி, முகம் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். தாலி கழுத்திலேயே இருந்தது. பஞ்சாலைக்கு எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள்.

“நேத்து நீ கூப்புட்டதக் கேட்டேன். அண்ணேன்னா ஊருல எத்தன அண்ணன். புள்ளைங்க அப்பாங்குது. அதுவும் பேரில்ல. நம்ம வீட்டுல பேரு சொல்லிக் கூப்புடற பெருசுங்க ஒருத்தரும் உசுரோட இல்ல. எனக்குப் புருசன் பேரு வாயில வராது. பதினாறு வருசமா வந்ததில்ல, இனிமேலும் வராது. கூப்புட ஆளில்லாமத்தான் வெளியவே நிக்கிறாக.”

“அதுக்கு?”

“ஷீட்டுல குத்தச் சொன்னது தப்பு. அத விட்ரு, அது செத்தவுக எடம். எங் கையில குத்து. உசுரோட வந்தாலும் சரி, எப்புடி வந்தாலும் சரி, நான் காட்டுனாப் படிக்கத் தெரியும்ல அவுகளுக்கு. படிச்சிட்டு உள்ள வரட்டும்.”

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். ஷீட்டில் இருந்த கறுப்புப் புள்ளிகளின் மேல் தன் இடது கையை மல்லாத்தி நீட்டினாள். பஞ்சாலை ஈரத்துணியால் அந்தக் கையை ஒருமுறை துடைத்தாள். கட்டைவிரலால் அழுத்தித் தோலை இழுத்துப் பிடித்தாள்.